கரையான் தின்ற நாற்காலி

மீட்டர்காரருக்கு ஊரார் வீட்டுப் பின்பக்கமெல்லாம் அத்துப்படி. முன்வாசலில் யார் எவ்வளவு மினுக்கினாலும் தண்ணீர் மீட்டர் இருப்பது பின்சுவர் ஓரமாகத்தான். குனிந்து மூடியைத் திறந்து, தூசியைத் துடைத்து, ரீடிங்கைக் கைக்கருவியில் ஏற்றிவிட்டு நிமிரும்போது அந்த வீட்டின் வண்டவாளம் மொத்தமும் கண்ணில் படும். கால் ஒடிந்த ஸ்டூல், இழுப்பறை இல்லாத மேஜை, ஒரு கதவை மட்டும் தாங்கிக்கொண்டு நொண்டும் அலமாரி. எல்லாம் மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து, தூக்கிப் போடப்படும் நாளை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்.

பல வருஷம் அவர் அதையெல்லாம் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. ஒருநாள் ஒரு வீட்டு அம்மா, "போற வழியில இந்த ஸ்டூலைக் குப்பைத்தொட்டியில போட்டுட்டுப் போயிடுங்களேன்" என்று நீட்டினார். மீட்டர்காரர் வாங்கி ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டார். குப்பைத்தொட்டி வந்தது. வண்டி நிற்கவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்று அவருக்கே தெரியாது. கைக்கு அந்த ஸ்டூலின் கனம் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

வீட்டில் அவர் மனைவி வாசலிலேயே வழிமறித்தாள். பகல் முழுக்கத் துணிக்கடையை ஒட்டிய தையல் அறையில் உட்கார்ந்து மற்றவர்கள் கால்சட்டையைக் குட்டையாக்கித் தருகிறவள். பேச்சிலும் கத்தரி ஓடும்.

"குப்பைக்குப் போக வேண்டியது நம்ம வீட்டுக்கு வருதுன்னா, நம்ம வீட்டை என்னன்னு நினைச்சீங்க?"

"தேய்ச்சுப் பார்க்கலாம்னு."

"வீட்டுல தேய்க்கப் பாத்திரமே இல்லையா?"

ஞாயிற்றுக்கிழமை அவர் உப்புத்தாளும் கையுமாக உட்கார்ந்தார். அழுக்குக்குக் கீழே ஒரு பெயின்ட், அதற்குக் கீழே இன்னொரு பெயின்ட், அதற்கும் கீழே, மதியத்துக்கு மேல், தேன் நிறத்தில் மரம் எட்டிப் பார்த்தது. அவளும் எட்டிப் பார்த்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தையல் அறையில் மிச்சப்பட்ட பூத்துணியை அளந்து, பஞ்சு வைத்து, ஸ்டூலின் தலையில் ஒரு மெத்தையைத் தைத்துவிட்டாள். அவளோடு வேலை பார்க்கும் ஒருத்தி பார்த்த மாத்திரத்தில் காசு கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனாள்.

அன்றோடு அவள் பேச்சு மாறிவிட்டது. சாயங்காலம் மீட்டர்காரர் வண்டியை நிறுத்தினால், "என்னங்க, வெறுங்கையோட வந்திருக்கீங்க?" என்று கேட்க ஆரம்பித்தாள். மகள் வெளியூரில் விடுதியில் தங்கி நர்ஸ் படிப்பு படிக்கிறாள். இரண்டு பேர் சம்பளமும் மாசக் கடைசியில் மூச்சு வாங்கும். இந்தக் காசு வந்த பிறகுதான் அந்தப் பெண்ணுக்குப் புதுச் செருப்பு வாங்க முடிந்தது.

இடம்தான் பெரிய பிரச்சினையாக இருந்தது. கீழ் வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். இரண்டே அறை. மேஜையைத் தாண்டித்தான் கட்டிலுக்குப் போக வேண்டும், அலமாரிக்குள் கையை விட்டால் யாரோ ஒருவர் வீட்டு நாற்காலிக் கால்தான் வரும். மாடியில் குடியிருந்த வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு, "கார் ஷெட் சும்மாதானே கிடக்கு, அங்க வெச்சுத் தட்டுங்க. சத்தம் மட்டும் மதியத்துல வேண்டாம்" என்று சாவியைத் தந்தார். வாடகை என்ற பேச்சே எடுக்கவில்லை. கார் எப்போதோ விற்றுப்போயிருந்தது. அதன் எண்ணெய்க் கறை மட்டும் தரையில் மிச்சம்.

வீட்டுக்காரம்மா எடுத்தால் எடுத்த முடிவு. அவருடைய கணவரை எல்லோரும் மேனேஜர் என்றுதான் சொல்வார்கள். ஓய்வு பெற்று நாளாகியும் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆபீஸில் ஒரு மாடி நிறைய ஆட்களை மேய்த்தவர், வீட்டில் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டுவதற்கு மனைவி முகத்தைப் பார்ப்பார். முழங்கால் வலி என்று கீழே இறங்குவதே இல்லை.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில்தான் மீட்டர்காரர் கண்ணில் அந்த நாற்காலி பட்டது. நாலைந்து தெரு தள்ளிப் பூட்டிக்கிடந்த அச்சாபீஸின் பின்னால், செடிகொடிக்கு நடுவில் தலைகுப்புறக் கிடந்தது. ஆடும் நாற்காலி. பச்சை எனாமல் பெயின்ட்டைத் தோசைமாவுப் பதத்தில் அப்பியிருந்தார்கள். உட்காரும் இடத்துப் பிரம்பு அறுந்து தொங்கியது. கைப்பிடியை நகத்தால் கீறிப் பார்த்தார். தேக்கு. ஆட்டிப் பார்த்தார். கிரீச் என்று அது போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்காய் பறந்துவிட்டது.

ஸ்கூட்டரில் ஏறாது. கைக்காசைக் கொடுத்து லோடு வண்டி பிடித்து ஷெட்டில் கொண்டுவந்து இறக்கினார்.

அந்தப் பச்சை லேசில் விடவில்லை. பெயின்ட் ரிமூவரைத் தடவினால் தோல் மாதிரிப் பொங்கி எழும், சுரண்டினால் சுருள் சுருளாக வரும், அடியில் பார்த்தால் இன்னொரு பச்சை. இரண்டு வாரம் சாயங்காலமெல்லாம் சுரண்டினார். மனைவி மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு கூடவே நின்று, முதுகுப்பக்கக் கம்பிகளுக்கு இடையில் தன் விரல் மட்டும் போகிற சந்துகளைச் சுத்தம் செய்தாள். கிரீச் எங்கிருந்து வருகிறது என்று பார்த்ததில் இரண்டு மூட்டு கழன்றிருந்தது. பிரித்து, பழைய பசையை வழித்து, புதுப் பசை போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். பிரம்புக்குப் பதில் பட்டைநாடா பின்னி மெத்தை தைத்தாள் அவள். பின்பக்கக் கால் ஒன்றில் மட்டும் ஒரு சாண் அளவு பச்சை மிச்சம் இருந்தது.

அந்த நிலைமையில்தான் மேனேஜர் வந்து சேர்ந்தார். மழைத் தண்ணீர் வாசலில் தேங்குகிறதா பார்த்துவரச் சொல்லி மேலிடத்து உத்தரவு. குடையும் முழங்காலும் மடங்க மடங்க இறங்கி வந்தவர், ஷெட்டுக்குள் எதேச்சையாகத் தலையை நீட்டினார். நீட்டிய தலை அப்படியே நின்றது.

"மீட்டர், இதை எங்கேருந்து எடுத்துட்டு வந்தீங்க?"

"அச்சாபீஸ் பின்னால கிடந்துச்சு சார். அருமையான தேக்கு. எவனோ கண்ணில்லாத பய தூக்கிப் போட்டிருக்கான்."

மேனேஜர் குடையை மடக்கினார். மறுபடி விரித்தார். கடைசியில் அதைச் சுவரில் சாய்த்துவிட்டு, பெயின்ட் டப்பா ஒன்றின்மேல் உட்கார்ந்தார்.

"அந்தக் கண்ணில்லாத பய நான்தான்."

மீட்டர்காரர் கையிலிருந்த சுரண்டி கீழே விழுந்தது.

"என் மாமனார் நாற்காலி இது. எங்களோட பதினோரு வருஷம் இருந்தார் மனுஷன். காலையில உக்காந்தா ராத்திரிதான் எழுந்திரிப்பார். கிரீச், கிரீச், கிரீச். நடுநடுவுல எனக்கு விசாரணை. 'ஏன் மாப்ளே, ஆபீஸ்ல உங்க கையெழுத்து இல்லாம எதுவும் நடக்காதாமே? அப்ப இந்தக் குழாய் ஏன் சொட்டுது?' கிரீச். 'சட்டை புதுசா? பழைய சட்டைக்கு என்ன கேடு?' கிரீச். அவரும் போய்ச் சேர்ந்துட்டார். நாற்காலி போகல. காத்தடிச்சா தானா ஆடுது மீட்டர்! நான் சாப்பிட உக்காந்தா எதிர்ல இருந்து பார்க்குது."

"அம்மாகிட்ட சொல்லிட்டா தூக்கிப் போட்டீங்க?"

"சொல்லிட்டா? அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தப்ப வண்டிக்காரனைக் கூப்பிட்டு, ஊருக்கு வெளியில கொண்டுபோய்ப் போடுடான்னு முழுக்கூலி குடுத்தேன். படுபாவி நாலு தெரு தள்ளி இறக்கிட்டுப் போயிருக்கான். நீங்க கூலி குடுத்து என் வாசலுக்கே திருப்பிக் கொண்டாந்திருக்கீங்க."

"அம்மா கேக்கலையா சார்?"

"கரையான் தின்னுடுச்சு, எரிச்சுட்டேன்னு சொல்லியிருக்கேன்." மேனேஜர் மாடிப்பக்கம் பார்த்துக் குரலை இறக்கினார். "அவ பார்க்கறதுக்குள்ள எங்கயாவது தூரமா வித்துடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மீட்டர்காரர் தலையை ஆட்டிவிட்டார். சாயங்காலம் மனைவியிடம் ஒப்பித்தார். அவள் ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு நிதானமாகக் கணக்குப் போட்டாள்.

"அதாவது, அந்தம்மாவோட அப்பா நாற்காலியை, அந்தம்மாவோட ஷெட்டுலயே வெச்சு, அந்தம்மாவுக்குத் தெரியாம சுரண்டிக்கிட்டிருக்கோம். ரொம்ப நல்லாயிருக்கு நம்ம பொழப்பு."

"தெரிஞ்சா எடுத்தோம்? சீக்கிரம் பாலிஷ் போட்டுத் தள்ளிடலாம்."

"ஷெட்டைப் பூட்டிட்டாங்கன்னா உங்க பாலிஷை எங்க வெச்சுப் போடுவீங்க? கட்டில்லயா?"

மிச்சமிருந்த பச்சையையும் அன்றே இருவருமாகச் சுரண்டித் தீர்த்தார்கள். அவசரம் ஆகாது என்று தெரிந்தும் மீட்டர்காரர் மறுநாள் மழைக்கு நடுவிலேயே பாலிஷ் போட்டார். காற்று முழுக்க ஈரம். காலையில் போய்ப் பார்த்தால் நாற்காலி பால் கொட்டினாற்போல் வெளுத்திருந்தது. போட்டதையெல்லாம் ஸ்பிரிட்டால் துடைத்தெடுத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. மனைவி தேநீர் டம்ளரைத் தரையில் வைத்த சத்தத்திலேயே எல்லாம் இருந்தது.

இரண்டு நாள் வெயில் வந்தது. பஞ்சைத் துணியில் முடிந்து, பாலிஷில் தோய்த்து, வட்டம் வட்டமாகத் தேய்த்துத் தேய்த்து ஏற்றினார். நாற்காலி வேறு பிறவி எடுத்தது. கைப்பிடியில் மரத்தின் ரேகை ஆற்றுமணல் வரிபோல ஓடியது. ஆட்டிவிட்டால் சத்தமே இல்லாமல் முன்னும் பின்னும் போய்வந்தது. மீட்டர்காரர் படம் எடுத்துக் கைபேசியில் பழைய சாமான் விற்கும் பக்கத்தில் போட்டார். ஊரின் அந்தக் கோடியிலிருந்து ஒரு பல் டாக்டர் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருவதாக ஏற்பாடு. மேனேஜர் மாடிப் படியில் நின்றபடி இரண்டு கையையும் கூப்பிக் காட்டினார்.

சனிக்கிழமை வீட்டுக்காரம்மா ஷெட்டுக்குள் வந்துவிட்டார்.

"கூரை ஒழுகுதான்னு பார்க்க வந்தேன்" என்றவர் கூரையைப் பார்க்கவேயில்லை. நேரே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆடினார்.

"பஞ்சு மாதிரி இருக்கே! எங்கப்பாகிட்டயும் ஒண்ணு இருந்துச்சு தம்பி. பச்சை. உக்காந்தா ஊருக்கே கேக்கும். பாவம், கரையான் தின்னுடுச்சு. நான் இல்லாத நேரம் பார்த்து இவர் ஒத்தை ஆளா எரிச்சிருக்கார். புகையில கண்ணெல்லாம் சிவந்துடுச்சாம்."

"அப்படியாம்மா" என்றார் மீட்டர்காரர். அவர் மனைவி குனிந்து தரையில் இல்லாத ஊசியைத் தேடினாள்.

"அவருக்கு எங்கப்பான்னா உசுரு. அந்த நாற்காலி போனதுலேருந்து மனுஷன் ஒரு மாதிரியாவே இருக்கார். கூப்பிட்டாத் திடுக்குங்கறார். துக்கத்தை உள்ளுக்குள்ளயே வெச்சுக்கிற ரகம். அதனால இதை நானே வாங்கி அவருக்குக் குடுக்கப் போறேன். நாளைக்குக் காசோட வரேன். அவர்கிட்ட மூச்சு விட்டுடாதீங்க."

அவர் போன பிறகு கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அழுவதா சிரிப்பதா என்று முடிவாகாமல் அவளுக்கு விக்கல் வந்துவிட்டது.

"இப்ப யாருக்கு விப்பீங்க?"

"டாக்டருக்குத்தான் வாக்குக் குடுத்தாச்சு."

"அந்தம்மா கேட்டா?"

"டாக்டர் சீக்கிரம் வந்துட்டா போதும்."

டாக்டர் சீக்கிரம் வரவில்லை. தூறலில் அவருடைய வண்டி தெருமுனையில் திரும்பியதும், வீட்டுக்காரம்மா கைப்பையோடு படியிறங்கியதும் ஒரே சமயத்தில் நடந்தது. வண்டிச் சத்தத்தைக் கேட்டு மேனேஜரும் பின்னாலேயே நொண்டிக்கொண்டு வந்தார்.

டாக்டர் நாற்காலியையும் பல்லைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார். குனிந்து ஒவ்வொரு மூட்டையும் விரல்கணுவால் தட்டினார். "வலிக்குதா" என்று கேட்காததுதான் பாக்கி.

"கொஞ்சம் ஆடற மாதிரி இருக்கே?"

"ஆடற நாற்காலிதானே சார்" என்றாள் மீட்டர்காரர் மனைவி.

"அதுவும் சரிதான். காத்திருக்கற அறையில போடப் போறேன். பயந்து வர்றவங்க கொஞ்ச நேரம் ஆடினா மனசு அடங்கும்."

"டாக்டர், மன்னிக்கணும்" என்று வீட்டுக்காரம்மா நடுவில் புகுந்தார். "இதை நான் நேத்தே பேசிட்டேன். நீங்க சொல்றதுக்கு மேல போட்டுத் தரேன்."

டாக்டருக்கு ரோஷம் வந்து விலையைக் கூட்டினார். அம்மா அதற்கு மேல் போனார். டாக்டர் தயங்கியதைப் பார்த்த மேனேஜருக்குக் கை கால் ஓடவில்லை.

"விட்டுடாதீங்க டாக்டர்! இந்த மாதிரி மரம் இனிமே கிடைக்காது. நோயாளிங்களை நினைச்சுப் பாருங்க!"

வீட்டுக்காரம்மா திரும்பினார். "நீங்க ஏன் அவருக்காகப் பேசறீங்க? உங்களுக்குத்தானே வாங்கறேன்!"

"எனக்கா?" மேனேஜரின் குரல் கீச்சென்று வந்தது.

"அப்பா நாற்காலி போனதுலேருந்து ராத்திரி தூக்கமில்லாமப் புரள்றீங்களே, அதுக்காகத்தான்."

"நான் எங்க புரண்டேன்? இப்பத்தான் நல்லாத் தூங்கறேன்…"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. கைப்பையைத் திறந்து, பணத்தை எடுத்து மீட்டர்காரரிடம் நீட்டினார்.

மீட்டர்காரரின் கை பக்கவாட்டிலேயே ஒட்டிக்கொண்டது. சாமான் எங்கே கிடைத்தது, எது உடைந்திருந்தது, எதை மாற்றினோம் என்று வாங்குகிறவரிடம் சொல்லித்தான் அவர் இதுவரை எதையும் விற்றிருக்கிறார். அப்படிச் சொல்வதில் அவருக்கு ஒரு கர்வம்கூட உண்டு. இந்தப் பணத்தை வாங்கினால் ஷெட் தங்கும், மேனேஜரின் மானமும் தங்கும். மகளின் அடுத்த தவணையும் கட்டியாகிவிடும். அவர் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே சொன்னாள். பிறகு வாயாலும் சொன்னாள்.

"சொல்லிடுங்க."

"அம்மா, உங்க சாமானுக்கு உங்ககிட்டயே காசு வாங்கினா என் கை விளங்காது. இது உங்கப்பா நாற்காலிதான்."

வீட்டுக்காரம்மா நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"பச்சை எங்க?"

மீட்டர்காரர் மூலையிலிருந்த சாக்கைக் காட்டினார். வாய் பிளந்து கிடந்த சாக்கு நிறையச் சுருள் சுருளாகப் பச்சை.

"தம்பி, நீங்க சொல்லுங்க. இதுல கரையான் இருந்துச்சா?"

"இல்லம்மா. தேக்கு."

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நான் வேணா வண்டியில இருக்கேன்" என்றார். சொல்லிவிட்டு இருந்த இடத்திலேயே நின்றார்.

"புகையில கண்ணு சிவந்துச்சே?"

"தூசி விழுந்துச்சு" என்றார் மேனேஜர். பிறகு கண்ணைத் திறந்தார். "இல்ல, அதுவும் பொய்தான். எனக்கு உங்கப்பா மேல கோபமில்ல. அந்தச் சத்தம்தான். என்னால முடியல."

"பதினோரு வருஷம். ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ வருத்தப்படுவே."

"இப்ப ரொம்பச் சந்தோஷமா இருக்கேன், பாருங்க!" அம்மா கைப்பையைப் பட்டென்று மூடினார். "அந்தச் சத்தம் எனக்கு மட்டும் பாட்டாவா இருந்துச்சு? எண்ணெய் விடட்டுமாப்பான்னு நானே எத்தனை தடவை கேட்டேன். 'வேண்டாம்மா, இது கேட்டாத்தான் மாப்பிள்ளைக்கு நான் இருக்கேங்கற நினைப்பு இருக்கும்'னார்."

"பார்த்தியா! வேணும்னேதான் பண்ணியிருக்கார்!"

"வேணும்னேதான் பண்ணினார்."

இருவர் முகத்திலும் சிரிப்பு எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. ஆனால் அம்மா கைப்பிடியை ஒருமுறை தடவிப் பார்த்ததும் அது அணைந்துபோயிற்று.

"வழவழன்னு இருக்கு. அழகாத்தான் பண்ணியிருக்கீங்க. ஆனா அப்பா கை பட்டது அந்தப் பச்சையில. இது யாரோ எவரோ. டாக்டர், நீங்க கொண்டு போங்க. பல்லு வலிக்கறவங்களாவது ஆடட்டும்."

திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போனார். மேனேஜர் பத்தடி இடைவெளி விட்டுப் பின்னால் போனார்.

வண்டி கிளம்பிய பிறகும் மீட்டர்காரர் அந்தச் சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். மரத்தைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஒருத்தர் அப்பாவைச் சுரண்டிச் சாக்கில் கட்டிவிட்டோமே என்று இருந்தது அவருக்கு. மனைவியிடம் அதைச் சொன்னார்.

"நமக்கு எப்படித் தெரியும்? பெயின்ட்டுல பேரா எழுதியிருந்துச்சு?" என்றாள். ஆனால் அவளும் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புமுன் இருவரும் ஷெட்டைக் காலி செய்ய ஆரம்பித்தார்கள். கேட்கிறவரைக்கும் காத்திருப்பதைவிட நாமே சாவியைக் கொடுத்துவிடுவது மரியாதை என்பது அவள் கட்சி. உளிகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது படியில் காலடி கேட்டது. வீட்டுக்காரம்மாதான். பின்னால் கிழிந்த பழைய சட்டையில், முதல்நாள் பள்ளிக்கூடம் போகிற பையன் மாதிரி மேனேஜர்.

மீட்டர்காரர் டாக்டர் கொடுத்த பணத்தையும் சாவியையும் சேர்த்து நீட்டினார். அம்மா பணத்தை மட்டும் எடுத்துப் பார்த்தார்.

"கட்டை என்னுது. கூலி உங்களுது. பாதிப் பாதி."

"சுரண்டினது ரெண்டு வாரம்மா. மெத்தைத் துணி என்னுது. லோடு வண்டிக் காசு வேற" என்றாள் மீட்டர்காரர் மனைவி, பழக்க தோஷத்தில். சொன்ன பிறகுதான் யாரிடம் பேரம் பேசுகிறோம் என்று உறைத்தது போலிருக்கிறது, பாதியில் நிறுத்தினாள். வீட்டுக்காரம்மா கோபப்படவில்லை. உட்கார்ந்து பேசினார். இரண்டு பேரும் கறாராகப் பேசி, கடைசியில் மூன்றில் ஒரு பங்குக்கு அம்மா இறங்கி வந்தார்.

"சாவியை ஏன் நீட்டறீங்க? ஷெட் உங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா இனிமே சும்மா தர மாட்டேன்."

"சொல்லுங்கம்மா" என்றார் மீட்டர்காரர். எவ்வளவு கேட்பாரோ என்று மனசுக்குள் கணக்குப் போட்டார்.

"வாடகையெல்லாம் வேண்டாம். காலையில டிபன் சாப்பிட்டதும் இவரை அனுப்பறேன். மதியம் வரைக்கும் கீழயே வெச்சுக்கங்க. நீங்க இல்லாத நேரத்துல செய்யறதுக்கு ஏதாவது சொல்லிட்டுப் போங்க. சும்மா உக்காந்து பொய் யோசிக்கறதை விடக் கைவேலை நல்லது."

அம்மா மேலே போய்விட்டார். மேனேஜர் ஷெட்டைச் சுற்றும்முற்றும் பார்த்தார். மீட்டர்காரர் மனைவி ஒரு மேஜைப் பலகையை அவர் முன்னால் வைத்து உப்புத்தாளைக் கிழித்துக் கொடுத்தாள்.

"எந்தப் பக்கமா தேய்க்கணும்?"

"சொரசொரப்பா இருக்கற பக்கமா சார்."

"இல்லம்மா, பலகையில எந்தப் பக்கம்னு கேட்டேன்."

"மரத்து ரேகை போற பக்கமாவே. குறுக்க இழுத்தா கீறல் விழும்."

முதல்நாள் அவர் குறுக்கேதான் இழுத்தார். அந்தக் கீறலை எடுக்க மீட்டர்காரருக்கு ஒரு சாயங்காலம் போயிற்று. இரண்டாம் நாள் உப்புத்தாளோடு கைரேகையையும் சேர்த்துத் தேய்த்துவிட்டார். போகப்போகப் பிடிபட்டது. முழங்கால் வலியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பிறகு வந்த ஒரு விடுமுறை நாளில் மூவரும் ஷெட்டில் இருந்தார்கள். மேனேஜர் ஒரு பழைய அலமாரிக் கதவில் குனிந்து, காது மடலெல்லாம் மரத்தூளாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, காபி ஆறுது. வாங்க!"

மேனேஜர் கையை நிறுத்தவில்லை.

"வேலையா இருக்கேன்" என்று சத்தமாகச் சொன்னார்.

மீட்டர்காரர் அப்படியே நின்றார். அவர் மனைவி வாயிலிருந்த ஊசியை ஜாக்கிரதையாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். மேனேஜருக்கே இப்போதுதான் தான் சொன்னது கேட்டது போலிருந்தது. உப்புத்தாள் பாதியில் நின்றது.

படியில் செருப்புச் சத்தம் இறங்கியது. வீட்டுக்காரம்மா கையில் டம்ளரோடு வாசலில் வந்து நின்றார். கணவரைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். டம்ளரைப் பெயின்ட் டப்பாவின்மேல் வைத்துவிட்டு, விரலால் கதவின் ஓரத்தை ஒருமுறை தடவினார்.

"ஓரத்துல விட்டிருக்கீங்க."

"தெரியும்" என்றார் மேனேஜர். "அடுத்தது அதுதான்."